வாகிராவின் உலர்ந்த மடி

காரங்தெங்கா ஊரில் கல்யாணம் நிச்சயமானால் முதலில் பந்தல்காரனுக்குச் சொல்வார்கள். அடுத்து வாகிராவுக்குச் சொல்வார்கள். விசேஷத்துக்கு மூன்று நாள் முன்னாலேயே அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் கத்தியும் வெட்டுப்பலகையுமாக வந்து இறங்கிவிடுவது எங்கள் ஜாவாவில் எழுதாத சட்டம். வந்தவர்கள் வெங்காயம் உரிப்பார்கள், தேங்காய் துருவுவார்கள், அங்கே இல்லாதவர்களை இன்னும் நன்றாகத் துருவுவார்கள். வாகிரா மட்டும் அந்தக் கூட்டத்தில் உட்காரவே மாட்டாள். நேரே கொல்லைப்புறக் குழாயடிக்குப் போய், ஒரு சின்னப் பலகையைப் போட்டுக் குந்திவிடுவாள். எண்ணூறு தட்டு வந்தாலும் சரி, ஆயிரம் தட்டு வந்தாலும் சரி, முகம் சுளிக்காமல் கழுவுவாள்.

மாமியார்கள் அவளைக் காட்டித்தான் மருமகள்களைத் திட்டினார்கள். "வாகிராவைப் பாரு. நாப்பத்தாறு வயசு. காலையில உக்காந்தவ சாயங்காலம்தான் எழுந்திருக்கா. நீ நாலு கிளாஸ் கழுவறதுக்குள்ள இடுப்பு வலிக்குதுங்கறே!" மாதர் சங்கத்தில் ஒரு வருஷம் அவளுக்குச் 'சிறந்த உழைப்பாளி' என்று சான்றிதழும் ஒரு ரப்பர் ஏப்ரனும் கொடுத்தார்கள். சான்றிதழை அவள் எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. அந்த ரப்பர் ஏப்ரனை மட்டும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இப்படி ஒன்று கிடைக்காதா என்று அவள் ஏங்கியது சங்கத்துக்கு எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியப்பட்டாள்.

விஷயம் இதுதான். குழாயடியில் உட்கார்ந்தவள் கைலி நனைந்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு வாகிராவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்தது. மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். மகள் ரெத்னோவைச் சிசேரியனில் பெற்ற பழைய தழும்பால் உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்ததாம். பிரித்து எடுக்கும்போது பக்கத்தில் இருந்த மூத்திரப்பைக்கு ஒரு காயம் பட்டுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. பத்தாம் நாள், வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தவளுக்குக் காலோடு ஒழுக ஆரம்பித்தது. அதன் பிறகு நிற்கவே இல்லை. தும்மினால் மட்டும் இல்லை, சிரித்தால் மட்டும் இல்லை, எப்போதும். உட்கார்ந்தாலும் ஒழுகியது, தூங்கினாலும் ஒழுகியது.

தையலைக் காட்ட அதே ஆஸ்பத்திரிக்குப் போனபோது மென்று விழுங்கிச் சொன்னாள். "பலவீனம்மா. போகப்போகச் சரியாயிடும். நல்லாச் சாப்பிடுங்க" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வாகிரா நன்றாகச் சாப்பிட்டாள். அதனால் எடைதான் கூடியது.

அப்புறம் அவளே தனக்கொரு ஏற்பாடு செய்துகொண்டாள். பழைய கைலிகளைக் கிழித்து நான்காக மடித்து வைத்துக்கொண்டாள். ஒரு நாளைக்கு எட்டுத் துண்டு. மிதிவண்டி இருக்கைக்கு நெகிழிப் பையைக் கட்டினாள். வீடு முழுக்க வாசனைக்குப் பாண்டன் இலையை நறுக்கிப் போட்டாள். கணவன் பைமோ தெம்பே செய்து விற்கிறவன். சோயாவை இலையில் பொதிந்து புளிக்க வைக்கிற வேலை, மூக்கு கூர்மை. அவன் பக்கத்தில் படுக்க அஞ்சித் தரையில் பாய் போட்டுக்கொண்டாள். கேட்டதற்கு, "நீங்க விடுற குறட்டையில கூரை ஓடு பறக்குது" என்றாள். பாவம், அந்த மனுஷன் அதை நம்பி, தானே முன்னறைக்குப் போய்விட்டான். மூன்று வருஷமாகத் தன் குறட்டையை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறான்.

மகள் விஷயம்தான் அவளுக்கு மனசை அறுத்தது. ரெத்னோ நகரத்தில் துணிக் கம்பெனியில் வேலை பார்த்தாள். மாதத்துக்கு ஒரு தரம் வீட்டுக்கு வந்தால் அம்மா மடியில் தலை வைத்துப் படுத்து, தலைமுடியைக் கோதச் சொல்வது அவள் பழக்கம். இப்போது அவள் தலையைச் சாய்க்க வந்தாலே வாகிரா, "அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்து ஓடிவிடுவாள். அந்த வீட்டில் யாரும் பால் குடிப்பதில்லை. நாலைந்து தரம் இப்படி ஆனதும் ரெத்னோ மடியைத் தேடுவதை விட்டுவிட்டாள். அம்மாவுக்குத் தன்மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஓட விடாமல் தடுத்தது ஒரு அட்டைப்பெட்டி.

ஊராட்சி எழுத்தர் வீட்டில் கல்யாணம். மனுஷன் நவநாகரிகம் பிடித்தவர். சோறு, கோழி, மிளகாய்ச் சட்னி எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் அடைத்து நகரத்திலிருந்தே வரவழைத்துவிட்டார். தண்ணீர் நெகிழிக் குவளையில். சாப்பிட்டதும் பெட்டியைக் குப்பையில் போட்டுவிட வேண்டியதுதான். கழுவ ஒரு தட்டு கிடையாது. பெண்களெல்லாம் கை ஓய்ந்து பாயில் காலை நீட்டி உட்கார்ந்து, எழுத்தரின் சம்பந்தியைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். வாகிராவை மட்டும் காணோம்.

தேடிப்போனவள் மார்சினி. ஊரில் எந்தச் சமையல் கூட்டத்துக்கும் அவள்தான் தலைவி. வாகிராவுக்கு ஆறு வயது மூத்தவள், நாக்கு அறுபது வயது மூத்தது. கொல்லையில் வாகிரா குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு பன்னிரண்டு கரண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்துக் கவிழ்த்தாள். மறுபடி எடுத்து முதலிலிருந்து கழுவினாள்.

"அடியே வாகிரா, அந்தக் கரண்டி உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு? இது நாலாவது தரம். தேஞ்சே போயிடும்."

"சுத்தமா இருக்கணும்ல அக்கா."

"எல்லாரும் அங்க உக்காந்து சிரிச்சிக்கிட்டிருக்கோம். எழுந்து வா."

"கைலி நனைஞ்சிருக்கு அக்கா. காயட்டும், வரேன்."

மார்சினி குழாயை மூடினாள். எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தாள். தன் வெற்றிலைப் பையைப் பிரித்து, நிதானமாகப் பாக்கை வெட்ட ஆரம்பித்தாள். நல்ல வெயில். கால்மணி நேரத்தில் சிமெண்ட் தரை காய்ந்து வெளுத்தது. வாகிரா உட்கார்ந்த இடம் மட்டும் காயவில்லை. பலகைக்கு அடியிலிருந்து ஒரு ஈரம் மெல்லக் கிளம்பி ஓரமாக வழி கண்டுபிடித்துப் போய்க்கொண்டிருந்தது.

இருவரும் அதையே பார்த்தார்கள்.

"எத்தனை நாளா?" என்றாள் மார்சினி.

"மூணு வருஷமா."

பிறகு கரண்டியைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். மார்சினிக்கு ஆறுதல் சொல்லி வழக்கமில்லை. அவளுக்குத் திட்டத்தான் வரும்.

"உன் ஏப்ரனுக்கு நான்தானேடி முன்மொழிஞ்சேன்! ஊரே உன்னை உழைப்பாளின்னு கொண்டாடுச்சே. எவளாவது சும்மா ஆயிரம் தட்டு கழுவுவாளா, நமக்காவது புத்தி இருந்திருக்க வேண்டாமா? எழுந்திரு. நாளைக்கே நர்சைப் பாக்கறோம்."

"வேண்டாம் அக்கா. வயசானா வரதுதான்."

"எனக்கு உன்னை விட வயசு ஜாஸ்தி. நான் என்ன ஒழுகிக்கிட்டா இருக்கேன்?"

ஊர் நர்ஸ் கேட்டதும் முகம் மாறிப்போய், நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக்கொடுத்தாள். அங்கே டாக்டர் ஹெர்மீன் என்று ஒரு அம்மாள். குள்ளம், கண்ணாடி, பேச்சில் அவசரமே கிடையாது. வாகிராவின் மூத்திரப்பைக்குள் ஒரு மெல்லிய குழாய் வழியே நீலச் சாயத் தண்ணீரை ஏற்றினார். பிறப்பு வழியில் மூன்று பஞ்சுருண்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார். "கொஞ்சம் நடந்துட்டு வாங்க" என்றார்.

நடைபாதையில் மார்சினி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "ரிப்பேருக்கு வந்த இடத்துல சாயம் போட்டு அனுப்புறாங்களே. நீலம் உனக்கு எடுக்குமா?" என்று கேட்டாள். வாகிராவுக்குப் பயத்திலும் சிரிப்பு வந்தது. சிரித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

பஞ்சை எடுத்துப் பார்த்தார் டாக்டர். நடுப் பஞ்சு பளிச்சென்று நீலம்.

"இங்க பாருங்கம்மா. மூத்திரப்பைக்கும் பிறப்பு வழிக்கும் நடுவுல ஒரு ஓட்டை. பாசிப்பயறு அளவு இருக்கும். கர்ப்பப்பையை எடுக்கும்போது பட்ட காயம் ஆறாம வழியாயிடுச்சு. இது வயசால வந்தது இல்ல. பலவீனமும் இல்ல. உங்க தப்பு எதுவுமே இல்ல. தச்சு மூடலாம்."

வாகிரா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளுக்குக் கோபம்தான் பொங்கியது. "பாசிப்பயறா!" என்று கத்தினாள். "ஒரு பாசிப்பயறுக்காகவா நான் மூணு வருஷம் ஊர்த் தட்டெல்லாம் கழுவினேன்? என் பொண்ணைப் பக்கத்துல சேர்க்காம விரட்டினேன்?" டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அடுத்த சிக்கல், தேதி. ரெத்னோவுக்கு மாப்பிள்ளை பார்த்து, இருவரும் பிறந்த கிழமையையும் ஜாவாவின் ஐந்து நாள் சந்தை வாரக் கணக்கையும் கூட்டிக் கழித்துக் கல்யாண நாள் குறித்தாகிவிட்டது. எங்கள் ஊரில் ராஜாவே வந்து கேட்டாலும் அந்த நாளை நகர்த்த முடியாது. டாக்டர் டைரியைப் புரட்டினார். ஆபரேஷனுக்கு உடனே ஒரு இடம் காலியாக இருந்தது. அதை விட்டால் ஐந்து மாதம் கழித்துத்தான். உடனே செய்தால் கல்யாணம் பதினாறாவது நாள் வரும். மூத்திரம் வடிய வைக்கிற குழாயை எடுப்பது இருபத்தொன்றாவது நாள்.

"கல்யாணத்தன்னைக்குக் குழாயும் பையுமா இருப்பீங்க, பரவாயில்லையா?"

"டாக்டரம்மா, பொண்ணைப் பெத்தவ மேடையில மெத்தை நாற்காலியில உக்காரணும். பொண்ணு மண்டியிட்டு வந்து என் முழங்கால்ல முகத்தை வெச்சு ஆசி கேப்பா. அவ முகம் படற இடம் காஞ்சிருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். பை என்ன, பானையையே கட்டிவிடுங்க."

"சரி. ரெண்டு விஷயம். குழாய் மடங்கக் கூடாது. மூணு லிட்டர் தண்ணி தினமும் குடிக்கணும். மூத்திரம் தேங்கி மூத்திரப்பை புடைச்சா தையல் பிரிஞ்சிடும். மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

ஆபரேஷன் முடிந்தது. பன்னிரண்டாம் நாள் குழாயோடு வீட்டுக்கு வந்தாள். கைலிக்குள் ஒரு பை தொங்கியது, ஆனால் கைலி காய்ந்திருந்தது. காலையில் எழுந்து தடவிப் பார்ப்பாள், மத்தியானம் தடவிப் பார்ப்பாள். பைமோவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் மூக்கைத் தடவிக்கொண்டே, "அப்போ என் குறட்டை?" என்று கேட்டான். "அதுவும் நிஜந்தான்" என்றாள். மகளிடம் மட்டும் சொல்லவில்லை. கல்யாணம் முடியட்டும், புதுப்பெண்ணைக் கலங்க வைக்க வேண்டாம் என்று நினைத்தாள். அம்மா பழைய கர்ப்பப்பை ஆபரேஷனின் மறுபரிசோதனைக்குப் போய்த் தங்கி வந்தாள் என்றே ரெத்னோவுக்குத் தெரியும்.

இனி கிமுன். பகலெல்லாம் மோட்டார் சைக்கிள் ரிப்பேர், விசேஷ நாட்களில் மந்திரம் போட்டு மழை நிறுத்துகிறவர். கல்யாணம் மழைக்காலத்தில் அமைந்ததால் பைமோ அவரை அமர்த்தியிருந்தான். அவர் வந்து முற்றத்தை நாலு சுற்றுச் சுற்றினார். ஈர்க்குச்சியில் மிளகாயும் வெங்காயமும் குத்தித் தலைகீழாக மண்ணில் நட்டார். பிறகு சட்டதிட்டங்களை அறிவித்தார்.

"கல்யாணத்தன்னைக்கு வீட்டம்மா குளிக்கக் கூடாது. விருந்தாளி போற வரைக்கும் வாயில ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது. அப்புறம்..." என்று தொண்டையைக் கனைத்தார். "வீட்டம்மா அன்னைக்குக் காலையில உடுத்தியிருந்த உள்ளாடை ஒண்ணு கூரைமேல போடணும். துவைக்காதது. ஆனா பொட்டு ஈரம் இருக்கக் கூடாது. ஈரம் பட்டா அன்னைக்கு ஊரே மிதக்கும்."

அடுப்படியில் இருந்த மார்சினி கையிலிருந்த அகப்பையைப் போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடியே, போன மாசம் இவர் வந்திருந்தா நம்ம ஜில்லாவே கடலுக்குப் போயிருக்கும்!"

வாகிரா சிரிக்கவில்லை. அவள் முகத்தில் ஒரு பெருமை வந்தது. கல்யாணத்தன்று விடிந்ததும் தானே உள்ளாடையை எடுத்து வந்து, கிமுன் கையில் கொடுத்தாள். "நல்லாப் பாத்துக்கோங்க அண்ணே. பொட்டு ஈரம் கிடையாது" என்றாள். அந்த மனுஷன் கூச்சத்தில் நெளிந்துகொண்டே ஒரு மூங்கில் கழியால் அதைக் கூரை உச்சியில் ஏற்றினார். வாசலில் வாழைமரமும் தென்னங்குருத்தும், கூரைமேல் அதுவும், காலை வெயிலில் பார்க்க நிறைவாக இருந்தது.

தண்ணீர் விஷயத்தில்தான் அவள் தப்புச் செய்தாள். டாக்டர் மூன்று லிட்டர் என்றார், கிமுன் ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்றார். மகள் கல்யாணத்தில் மழை கொட்டினால் ஊர் என்ன பேசும்? அரைநாள் தானே, அரைநாள் தாங்காதா என்று கிமுன் பக்கம் சாய்ந்துவிட்டாள். அது போதாதென்று அலங்காரக்காரி வந்தாள். பத்து முழ இடுப்புத்துணியை அவள் வயிற்றைச் சுற்றி, முழங்காலால் முட்டுக்கொடுத்து இறுக்கிக் கட்டினாள். "மூச்சு விடணுமா? கல்யாணம் முடிஞ்சு விட்டுக்கலாம்" என்றாள்.

மேடையில் சிவப்பு மெத்தை நாற்காலி. பையை எங்கே தொங்கவிடுவது என்று மார்சினி நேற்றே யோசித்து வைத்திருந்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பூந்தொட்டி, அதில் நெகிழி ரோஜா. குழாய் வாகிரா உடுத்தியிருந்த பூவேலைச் சாயம் போட்ட பாத்திக் துணிக்குள்ளிருந்து இறங்கி, ரோஜாக்களுக்கு நடுவே போய் மறைந்தது. வந்தவர்கள், "ஆகா, பூ நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வாகிரா புன்னகையோடு தலையாட்டினாள்.

மத்தியானம் ஆனபோது அடிவயிறு கனக்க ஆரம்பித்தது. அப்புறம் வலித்தது. ரோஜாக்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தாள். பையின் அடியில் காபி நிறத்தில் ஒரு விரற்கடை மூத்திரம். காலையில் பார்த்த அதே அளவு. டாக்டரின் குரல் காதில் ஒலித்தது. இன்னும் சற்று நேரத்தில் ரெத்னோ மண்டியிட வருவாள். அந்த நேரம் பார்த்துத் தையல் பிரிந்தால்?

தலையைத் தூக்கி, பந்தல் அதிர, "அக்கா!" என்று கத்தினாள்.

மார்சினி அடுப்படியிலிருந்து ஓடி வந்து மேடைக்குப் பின்னால் புகுந்தாள். இருநூறு விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, மெத்தை நாற்காலிக்குப் பின்னாலிருந்து இரண்டு கை நீண்டு பெண்ணைப் பெற்றவளின் இடுப்பைத் துழாவின. "பாவி அலங்காரக்காரி, குழாயை முறுக்கிக் கட்டியிருக்கா" என்று ஒரு முணுமுணுப்பு கேட்டது. சரக்கென்று துணி தளர்ந்தது. குழாய் நிமிர்ந்தது. பூந்தொட்டிக்குள் கலகலவென்று ஒரு சத்தம். வாகிரா கண்ணை மூடி மூச்சுவிட்டாள். உலகத்தில் இவ்வளவு இனிமையான சத்தம் உண்டா என்று இருந்தது.

"தண்ணி எங்கடி? குடிச்சியா இல்லியா?"

"கிமுன் அண்ணன்..."

"கிமுனா உனக்குத் தையல் போட்டாரு?"

வாகிரா ஒரு நொடி யோசித்தாள். பிறகு மார்சினி நீட்டிய பெரிய பாட்டிலை வாங்கி, மணமேடையில், எல்லார் கண்ணுக்கும் முன்னால், அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்தாள். முற்றத்தில் ஊதுவத்தியோடு நின்ற கிமுன், "ஐயோ, ஐயோ!" என்று தலையில் கையை வைத்தார்.

பாட்டில் காலியாவதற்கும் வானம் இடிப்பதற்கும் சரியாக இருந்தது. எங்கள் ஊர் மழைக்காலத்தில் எந்த மத்தியானமும் அப்படித்தான், ஆனால் அதை அன்றைக்கு யாரிடம் சொல்வது? ஊற்றியது பாருங்கள், அப்படி ஒரு மழை. பந்தல் துணி பானைவயிறாகத் தொங்கிக் கிழிந்தது. விருந்தாளிகள், அலங்காரக்காரி, கரண்டியோடு வந்த பெண்கள், ஊராட்சி எழுத்தர், அவருடைய புதுச் சம்பந்தி, எல்லாரும் தெப்பலாக நனைந்தார்கள். மேடைக்கு மட்டும் தகரக் கூரை.

"தங்கச்சி, உன்னாலதான்!" என்று மழைக்குள்ளிருந்து கத்தினார் கிமுன்.

"ஆமா அண்ணே, என்னாலதான்! இன்னும் ரெண்டு பாட்டில் இருக்கு!" என்று வாகிரா பதிலுக்குக் கத்தினாள். மூன்று வருஷமாக ஒரு சின்ன ஈரத்துக்குப் பயந்து கிடந்தவள், ஊரே நனைந்த பழியைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டாள்.

சடங்கு நிற்கக் கூடாதல்லவா. ரெத்னோ மல்லிகைச் சரங்கள் ஆட, மண்டியிட்டு முன்னால் வந்தாள். குனிந்து அம்மாவின் முழங்காலில் முகத்தை வைத்தாள். பழக்கத்தில் வாகிராவின் கால்கள் பின்வாங்கப் பார்த்தன. அவள் விடவில்லை, கால்களை அழுத்தி ஊன்றினாள். மகளின் கழுத்தில் கையை வைத்தாள்.

ரெத்னோ எழுந்திருக்கவில்லை. சடங்குக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அதைத் தாண்டியும் அப்படியே கிடந்தாள்.

"அம்மா, எம்மேல என்ன கோபம்?" என்று துணிக்குள்ளிருந்து கேட்டாள். "இந்த மடியை எத்தனை நாளா எனக்குத் தரல."

"கோபம் இல்லடி தங்கம். கோபமே இல்ல. எல்லாம் சொல்றேன். இப்போ படுத்துக்க. எவ்வளவு நேரம் வேணுமோ படுத்துக்க."

அப்போதுதான் வாகிராவுக்கு முழங்காலில் அது தெரிந்தது. வெதுவெதுப்பாக, ஈரமாக. அவளுக்கு உயிரே போய்விட்டது. தையல் பிரிந்துவிட்டதா? உட்கார்ந்த இடத்தைத் தடவினாள், காய்ந்திருந்தது. தொடையைத் தடவினாள், காய்ந்திருந்தது. மகளின் கன்னம் பட்ட இடத்தில் மட்டும், பாத்திக் துணியில் உள்ளங்கை அளவு நனைந்திருந்தது.

பின்னாலிருந்து மார்சினி பதறிப்போய், "என்னடி, ஈரமா?" என்று கேட்டாள்.

"ஈரந்தான் அக்கா!" என்றாள் வாகிரா. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் பேச்சு குழறியது. "ஆனா என்னுது இல்ல! இவளுது!"

ஐந்து நாள் கழித்துக் குழாயை எடுத்தார்கள். டாக்டர் மறுபடி நீலத் தண்ணீரை ஏற்றிவிட்டு இருமச் சொன்னார், நடக்கச் சொன்னார், பஞ்சை எடுத்துப் பார்த்தார். வெள்ளைப் பஞ்சு வெள்ளையாகவே வந்தது. அடுத்த மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணம், பழையபடி தட்டில்தான் சாப்பாடு. வாகிரா குழாயடிக்குப் போய் நூறு தட்டு கழுவினாள். பிறகு ஏப்ரனை மார்சினியின் மருமகள் கழுத்தில் மாட்டிவிட்டு, சொட்டச் சொட்ட நனைந்த கைலியோடு வந்து, எல்லாருக்கும் நடுவில் பாயில் உட்கார்ந்தாள். கைலி நனைந்திருக்கிறதே என்று யாரோ கேட்டார்கள். "தட்டு கழுவின தண்ணி" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள்.